உயிர் உடைமை ஆகுமா?

ஆறாம் வேற்றுமையைக் கற்பிப்பது எளிது என்று எண்ணியிருந்த காலம் எனக்கும் உண்டு. 'அது' என்னும் உருபைக் கரும்பலகையில் எழுதி, 'எனது புத்தகம்', 'எனது வீடு' என இரண்டு சான்றுகளைக் காட்டிவிட்டால் கிழமைப் பொருள் தானே விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஜோர்ஜ் டவுனை அடுத்த ஒரு தமிழ்ப்பள்ளியில் அவ்வாறு கற்பித்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஐயா, 'எனது ஒட்டகச்சிவிங்கி' என்று சொல்லலாமா?"

வகுப்பு சிரித்தது. இலக்கணப்படி சொல்லலாம் என்றேன். அவன் அமரவில்லை. "இலக்கணம் இருக்கட்டும் ஐயா. வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் விடுமா?" என்றான். அடுக்குமாடி வீடொன்றின் ஐந்தாம் மாடியில் வாழும் பிள்ளை அவன். பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் கோலாலம்பூருக்குச் சென்று, தேசிய விலங்குத் தோட்டத்தில் அந்த நெடுங்கழுத்து விலங்கைக் கண்டு வந்திருந்தான். அதன் தலை தன் வீட்டுச் சன்னல் வரை எட்டுமா என்பதே அவனுடைய கவலை. எட்டாது, நன்கு வளர்ந்த ஆண் ஒட்டகச்சிவிங்கி ஐந்தரை மீட்டர் உயரம் வரை இருக்கும் என்பதால் இரண்டாம் மாடிச் சன்னலோடு நின்றுவிடும். இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. 'அடுத்த பாடத்தைப் பார்ப்போம்' என்று ஆசிரியர்களுக்கே உரிய வழியில் தப்பித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. ஒட்டகச்சிவிங்கியை வளர்க்கலாமா என்பது விளையாட்டுக் கேள்விபோல் தோன்றினும், அதன் அடியில் விளையாட்டல்லாத கேள்வி ஒன்று கிடக்கிறது. மூச்சுவிடும் ஒன்றை 'எனது' என்று ஒருவன் சொல்லும்போது அவன் உண்மையில் எதைச் சொல்கிறான்?

முதலில் சட்டத்தை நோக்குவோம். நம் நாட்டின் கூட்டரசு அரசமைப்பு, காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காக்கும் பொறுப்பைக் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் வைத்துள்ளது. தீபகற்ப மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதனிடத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணற் சட்டம் வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்ற உயிரினம் ஒன்றை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். முற்றாகக் காக்கப்பட்டவற்றை வைத்திருக்க அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். விலங்குத் தோட்டம் நடத்துவோருக்கென 2012இல் தனி விதிகளே வகுக்கப்பட்டன.

இது உள்நாட்டுக் கதை. ஒட்டகச்சிவிங்கியோ ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டிய விருந்தாளி. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையொப்பமானது. மலேசியா 1977இல் அதில் இணைந்தது. 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மாநாட்டில்தான் ஒட்டகச்சிவிங்கி அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி இன்றி அது எல்லை தாண்ட இயலாது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம் இறக்குமதி அனுமதியையும் கேட்கிறது. இவற்றோடு நோய்த்தடுப்புக் காப்பும் உண்டு. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வைத்திருப்பவர் அவ்வுயிரின் தேவைகளை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் என்கிறது. சுருங்கச் சொன்னால், அனுமதி பெற்ற விலங்குத் தோட்டத்துக்கு வழி உண்டு. ஐந்தாம் மாடிச் சிறுவனுக்கு இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டா. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தனியார் பண்ணைகளில் ஒட்டகச்சிவிங்கிகள் மேய்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டமொன்று, போதிய வேலியிட்ட நிலத்தில் உள்ள காட்டு விலங்குகளை நிலத்துக்குரியவரின் உடைமையாகவே ஏற்கிறது. எனவே சட்டம் மட்டும் இக்கேள்விக்கு விடையாகாது. ஓரிடத்தில் குற்றமாவது மற்றோரிடத்தில் சொத்தாகிறது என்றால், குற்றமும் சொத்தும் அந்த உயிரின் இயல்பில் இல்லை. நாம் வரையும் எல்லைக் கோட்டில் இருக்கின்றன.

சட்டம் வழிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பினாங்கில் அதை எங்கே வைப்பது? நம் பழைய கடைவீட்டின் ஐந்தடி நடையில் நின்றால் அதன் தலை மேல்மாடிக்காரரின் அறைக்குள் இருக்கும். நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் இலை தழை வேண்டும். அதுவும் தரையில் கொட்டிவைத்தால் போதாது, உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள நாவால் முள்ளுக்கிடையே இலையைத் தேர்ந்து பறிக்கப் பிறந்த உயிர் அது. பறிக்கும் வேலை இல்லாதுபோனால் கம்பியையும் சுவரையும் நக்கிக்கொண்டே பொழுதைக் கழிக்கும். நம் தீவின் மழையோ உலகறிந்தது. ஈரத்தரையில் வழுக்கி நான்கு கால்களும் விரிந்து விழுந்தால், அவ்வளவு எடையுள்ள உடல் மீண்டும் எழுவது அரிது. நோயுற்றால் மயக்க மருந்து கொடுத்து மருத்துவம் செய்வதும் எளிதன்று. இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த தலைக்குக் குருதியை ஏற்ற, மனிதனைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் அதன் இதயம் உழைக்கிறது. தலை சாய்ந்த நிலையில் அதை நெடுநேரம் படுக்க வைப்பதே உயிர்க்கு இடையூறு.

இவ்வளவையும் பணம் தீர்த்துவிடும் என்று செல்வர் ஒருவர் கூறக்கூடும். பணம் தீர்க்காதது ஒன்றுண்டு. ஒட்டகச்சிவிங்கி கூட்டத்தில் வாழ்வது. ஓசையே எழுப்பாத விலங்கு என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அது, இரவில் தாழ்ந்த குரலில் முனகுகிறது என்று வியன்னா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. வியன்னா, பெர்லின், கோப்பன்ஹேகன் விலங்குத் தோட்டங்களில் பல நூறு மணி நேரம் பதிவுசெய்து கேட்ட குரல் அது. என்ன பொருளில் முனகுகிறது என்பது இன்னும் துலங்கவில்லை. தன் இனத்தைத் தேடி முனகுகிறது என்று சொல்லிவிட என் உள்ளம் விரைகிறது; ஆயினும் சான்றில்லாததைச் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று.

மொழி ஆசிரியனுக்கு ஆறுதல் தருவது சொல்லாராய்ச்சி ஒன்றுதான். ஒட்டகமும் சிவிங்கியும் கூடிப் பிறந்த பெயர் இது. ஒட்டகத்தின் கழுத்தும் சிறுத்தையின் புள்ளியும் கண்டு, பழங்கிரேக்கரும் உரோமரும் ஒட்டகச்சிறுத்தை என்னும் பொருளிலேயே இதற்குப் பெயரிட்டனர். சிவிங்கி என்பது வேட்டைக்குப் பழக்கப்பட்ட புலியினம். முகலாய மன்னர்கள் சிவிங்கிகளைக் காட்டிலிருந்து பிடித்துப் பெருந்தொகையாக வைத்திருந்தனர். அடைப்பட்ட சிவிங்கி எளிதில் ஈனாது. ஆகவே வேண்டும்போதெல்லாம் காட்டிலிருந்தே பிடித்தனர். காடு சுருங்கியது, வேட்டை பெருகியது. 1952இல் இந்திய அரசு தன் மண்ணில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவித்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கொணர்ந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டனர். ஒட்டகச்சிவிங்கியின் பெயரில் பாதி, உடைமையாக்கியதால் அழிவுக்கு நெருங்கிய ஓர் உயிருக்குரியது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளலாம். மற்றப் பாதியும் இன்று நலமாக இல்லை: 1985இல் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த ஒட்டகச்சிவிங்கிகள் 2015இல் ஓர் இலட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டதாகக் கணித்து, அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் அதனை அழிவுக்கு ஆட்படக்கூடியதாக வகைப்படுத்தியது.

ஒட்டகச்சிவிங்கியை உடைமையாகக் கொள்ளும் ஆசை சிறுவனுக்கு மட்டும் உரியதன்று. மன்னர்களுக்கே அது முதலில் வந்தது. கி.மு. 46இல் சீசர் ஒன்றை உரோமுக்குக் கொண்டுவந்தார். கொனாரக்கிலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் சூரியன் கோயிலின் சிற்பம் ஒன்றில், அரசன் முன் ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிற்பதைக் காணலாம். நம் கரையை ஒட்டியும் ஒன்று சென்றது என்றால் வியப்பாக இருக்கும். 1414இல் வங்கத்துச் சுல்தான், சீனத்தின் யோங்லோ பேரரசருக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றைத் திறையாக அனுப்பினார். வங்கத்திலிருந்து சீனம் செல்லும் வழக்கமான கடல்வழி மலாக்கா நீரிணை ஆதலின், அக்கப்பல் நம் தீவைக் கடந்தே சென்றிருக்கும் என்று கருத இடமுண்டு. அக்காலக் கடலோடிகளின் வரைபடத்தில் பினாங்கு, பாக்குத் தீவு என்னும் பொருளுள்ள சீனப் பெயரால் குறிக்கப்பட்டுள்ளது. பிரான்சிஸ் லைட் கரையிறங்குவதற்கு முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, கப்பல் மேல்தளத்திலிருந்து ஒரு நெடுங்கழுத்து இத்தீவின் மலைகளை நோக்கியிருக்கலாம்.

சீன அவையினர் அதனைச் 'சிலின்' என்னும் புராண விலங்காகவே கொண்டனர். நல்லரசன் ஆளும்போதுதான் சிலின் தோன்றும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவைப்புலவர் ஷென் தூ வாழ்த்துப் பாடினார். அமைச்சர்கள் வாழ்த்து மடல் அளிக்க முன்வந்தபோது பேரரசர் அதனை மறுத்தார் என்று குறிப்புண்டு. மறுத்தவர் விலங்கைத் திருப்பி அனுப்பவில்லை என்பதும் உண்மை. தன்னடக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது!

எனினும் இவ்வரலாற்றில் என் மனத்தைப் பிணித்தது வேறொன்று. எகிப்தின் ஆளுநர் முகமது அலி, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசுக்கு ஓர் இளம் பெண் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். சூடானில் கன்றாகப் பிடிபட்டது அது. கன்று என்று சொல்வதற்கு எனக்கு இலக்கண ஆதரவு உண்டு. ஒட்டகத்தின் இளமைக்குக் கன்று என்னும் பெயரைத் தொல்காப்பியர் மரபியலில் ஏற்கிறார். கப்பலின் மேல்தளத்தில் துளையிட்டு அதன் கழுத்துக்கு வழி செய்தனர். பாலூட்டுவதற்குக் கறவைப் பசுக்களும் உடன் சென்றன. 1826இல் மார்சேயில் இறங்கிய அது, குளிர்காலம் கழிந்தபின், அடுத்த ஆண்டு மே மாதம் புறப்பட்டுப் பாரிசுக்கு நடந்தே சென்றது. ஏறத்தாழ எண்ணூற்று எண்பது கிலோமீட்டர்! ஜெஃப்ரோய் செயின்ட்-ஹிலேர் என்னும் புகழ்பெற்ற விலங்கியலறிஞர் முதுமையையும் நோயையும் பொருட்படுத்தாது உடன் நடந்தார். பாரிசு நகரமே திரண்டு பார்த்தது. மகளிர் கூந்தலை அதன் கொம்புபோல் உயர்த்திக் கட்டிக்கொண்டனர். கிரேக்கப் போரில் பிரான்சு தலையிடாதிருக்கட்டும் என்பதும் அக்கொடையின் உட்கருத்துகளுள் ஒன்று என்பர். அதே ஆண்டு அக்டோபரில் நவரினோ கடற்போரில் பிரெஞ்சுக் கப்பல்களும் சேர்ந்து எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. கொடை கொடுத்தவனுக்குப் பயன் தரவில்லை.

அந்த ஒட்டகச்சிவிங்கி 1845இல் இறக்கும்வரை பாரிசில் வாழ்ந்தது. அதனோடு சூடானிலிருந்து வந்த காவலர் ஒருவர் இருந்தார். அத்தீர் என்பது அவர் பெயர். ஏணி வைத்து ஏறும் உயரத்தில், அதன் தலைக்கு அருகே, அவர் படுத்துறங்கினார். அதன் உடலைத் தேய்த்துவிட்டார். அதன் உணவை அறிந்திருந்தார். மன்னர் சார்லசோ 1830இல் ஆட்சியிழந்து நாட்டை விட்டு ஓடினார். இப்போது கேட்கிறேன்: அது யாருடைய ஒட்டகச்சிவிங்கி? ஏட்டின்படி மன்னருடையது. அத்தீருக்கு அதன்மேல் ஒரு காசு உரிமையும் இல்லை. ஆயினும் இருட்டில் அது மூச்சுவிடும் ஓசையைக் கேட்டு, அது நலமா இல்லையா என்று அறியக்கூடியவர் அவர் ஒருவரே.

உரிமை என்பது பிடியில் இருக்கிறது என்று உரோமச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலின்படி, காட்டு விலங்கு யாருக்கும் உரியதன்று, பிடித்தவனுக்கு உரியது, அதுவும் அவன் காவலில் உள்ளவரை மட்டுமே. தப்பி ஓடித் தன் இயல்பான விடுதலையை அடைந்துவிட்டால் அவனுடைய உரிமை அற்றுப்போகிறது. இதனை முதன்முறை படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நாற்காலி தொலைந்தாலும் அது என் நாற்காலிதான். திருடன் வீட்டில் இருந்தாலும் என்னுடையதே. காட்டு விலங்கின்மேலுள்ள உரிமையோ கூண்டின் தாழ்ப்பாளில் இருக்கிறது. அவ்வளவு மெலிந்த உரிமைக்கு 'உடைமை' என்னும் கனத்த சொல் பொருந்துமா?

மெலிந்தது என்றேன், தாழ்ப்பாள் பூட்டியிருக்கும்வரை அது கொடியதும்கூட. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், கோப்பன்ஹேகன் விலங்குத் தோட்டத்தில் மாரியஸ் என்னும் இளம் ஒட்டகச்சிவிங்கி கொல்லப்பட்டது. அதற்கு நோயில்லை. அதன் மரபுவழி ஐரோப்பிய இனப்பெருக்கத் திட்டத்தில் போதுமான அளவுக்கு ஏற்கெனவே உள்ளது என்பதே காரணம். ஏற்றுக்கொள்வதற்கு வேறு தோட்டங்கள் முன்வந்தும் அது கொல்லப்பட்டது. பொதுமக்கள் முன்னிலையில் அதன் உடல் அறுக்கப்பட்டு, இறைச்சி சிங்கங்களுக்கு இடப்பட்டது. உலகம் கொதித்தது. அத்தோட்டத்தாரின் வாதத்தைப் புறக்கணிப்பதும் முறையன்று: ஓர் இனத்தைக் காக்கும் திட்டத்தில் தனி உயிருக்கு முன்னுரிமை தர இயலாது என்றனர் அவர்கள். இறைச்சி உண்டுவிட்டு மாரியசுக்கு அழுதவர்களைப் பார்த்து அவர்கள் வியந்ததிலும் தவறில்லை. ஆயினும் 'எனது' என்னும் சொல்லின் கடைசி எல்லை எது என்பதை அந்நாள் காட்டியது.

இந்த எல்லையை நான் கோப்பன்ஹேகனில் கற்கவில்லை. இங்கே, இத்தீவிலேயே கற்றேன்.

என் தந்தையார் நகராட்சித் தொழிலாளி. வீட்டுக்குப் பின்புறம் பசுக்களைக் கட்டியிருந்தோம். அந்நாளில் தமிழர் குடியிருப்புகளில் அது புதுமையன்று. மாடும் தமிழரும் இந்நகரின் வரலாற்றில் இணைபிரியாதவர். மாட்டு வண்டிகள் தண்ணீர் கொணர்ந்த காரணத்தால் பர்மா சாலையைச் சீனர்கள் இன்றும் தண்ணீர் வண்டிச் சாலை என்றே வழங்குகின்றனர். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் சென்ற வெள்ளி இரதத்தை இழுத்தவையும் காளைகளே. எங்கள் பசுக்களுள் ஒன்று செவலை. நான் நடை பழகியபோது அதன் காலைப் பற்றிக்கொண்டுதான் நின்றேன் என்று அம்மா சொல்வார். பன்னிரண்டு ஆண்டுகள் பால் கொடுத்தது. பிறகு மடி வற்றியது.

1969ஆம் ஆண்டின் இறுதியில் நான் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவேண்டியிருந்தது. சீருடை, புத்தகம், பேருந்துச் செலவு. அக்கரையிலிருந்து ஒருவர் வந்து செவலையைப் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை. விலாவைத் தொட்டுப் பார்த்தார். எதற்காகத் தொட்டார் என்பது எனக்கே புரிந்தது. தந்தையார் ஒன்றும் பேசாமல் பணத்தை வாங்கி எண்ணினார். லாரி சந்துக்குள் வர முடியவில்லை. புதிய ஆள் பிடித்தால் செவலை நடக்காது. ஆகவே கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். முதன்மைச் சாலை வரை நான்தான் நடத்திச் சென்றேன். வழியில் ஒருமுறை அது நின்றது, நான் கழுத்தைத் தடவினேன், மீண்டும் நடந்தது. என்னை நம்பி நடந்தது. பாலம் இல்லாத காலம்; லாரி பெர்ரித் துறையை நோக்கிச் சென்றது. சனவரியில் நான் புதிய சீருடையில் பள்ளிக்குச் சென்றேன். இன்று நான் தமிழாசிரியன் என்று கூறிக்கொள்வதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம்.

தந்தையாரைக் குறை கூற இதை எழுதவில்லை. உழைத்து வளர்த்தவர் அவர். தவிடும் புல்லும் அவர் வியர்வையில் வந்தவை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் கறவாத பசுவுக்குத் தீனி போடும் அறத்தை, வயிறு நிறைந்தவன் பிறனுக்கு எளிதில் உபதேசிக்கலாம். விற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதில் ஐயமே இல்லை. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் தமிழில் உண்டு. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. பொருளாதாரம் தொழுவத்தில் தொடங்கியது என்று கூறினால் மிகையாகாது. எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். விற்கும் உரிமை அவருக்கு இருந்தது என்றால், கயிற்றைப் பிடித்து நடந்த என் கைக்கு இன்றளவும் ஏன் அமைதி இல்லை?

இங்கே மறுப்பு ஒன்று எழும். தனியுடைமையே சில விலங்குகளைக் காத்தது என்பர். அதில் உண்மை உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிலக்கிழார்களுக்கு உரிமை கிடைத்தபின் அவர்கள் வேலியிட்டுப் பேணினர். தனியார் நிலங்களில் விலங்குகள் பெருகின. யாருக்கும் சொந்தமில்லாததை யாரும் காப்பதில்லை என்பது கசப்பான உலகியல். ஆனால் அங்குப் பேணலுக்குப் பின்னால் வேட்டைக் கட்டணமும் இறைச்சி விற்பனையும் நிற்கின்றன. இனம் பெருகுவதும் தனி உயிர் நன்கு வாழ்வதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் தராசு என்னிடம் இல்லை.

மற்றொரு மறுப்பு, விலங்குக்கு உரிமை என்பதே பொருந்தாத் தொடர் என்பது. ஆன் ஒன்று ஆராய்ச்சி மணியடித்து மன்னனிடம் வழக்குரைத்த கதையைப் பாலோடு ஊட்டப்பட்ட நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். மனுநீதிச் சோழன் அவையில் பசு வழக்காளி. இன்றைய நீதிமன்றங்களில் அப்படியன்று. பிராங்ஸ் விலங்குத் தோட்டத்து யானை ஒன்றை விடுவிக்கக் கோரிய வழக்கில், ஆட்கொணர்வு ஆணை யானைக்குப் பொருந்தாது என்று நியூயார்க்கு மேல்முறையீட்டு மன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. எழுவருள் இருவர் மாறுபட்டனர். இந்திய உச்சநீதிமன்றம் 2014இல் சல்லிக்கட்டு வழக்கில் விலங்கின் கண்ணியத்தைப் பற்றிப் பேசியது. 2023இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்று, அரசமைப்பு விலங்குக்கு அடிப்படை உரிமை எதையும் தரவில்லை என்றது. காளையைப் பிள்ளையாக வளர்ப்பவரும் காளையின் வலியைப் பேசியவரும் ஆகிய இருசாராருமே அன்பின் பெயரால்தான் வழக்காடினர் என்பதை மறந்துவிடலாகாது.

அன்பு சிறிதும் கலவாத உடைமையும் நம் ஊரில் இருந்ததுண்டு. பினாங்கைத் தளமாகக் கொண்டு அரிய விலங்குகளை விற்றுவந்த ஆன்சன் வோங் என்பவருக்கு, அமெரிக்க நீதிமன்றம் 2001இல் 71 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2010 ஆகஸ்டில், பினாங்கிலிருந்து ஜாகர்த்தா செல்லும் வழியில், கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள் இருந்தன. ஆறு மாதமும் 190,000 ரிங்கிட்டும் என்று விதித்த தண்டனையை, உயர்நீதிமன்றம் ஐந்தாண்டாக உயர்த்தியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பதினேழரை மாதமாகக் குறைத்தது. சட்டத்துக்கு அங்கே கேள்வி, அனுமதி இருந்ததா என்பதுதான். அனுமதி இருந்திருந்தால்? தொண்ணூற்றைந்து உயிர்கள் துணியைப்போல் மடித்து வைக்கப்பட்டிருந்த அப்பெட்டி சரியாகிவிட்டிருக்குமா?

மீண்டும் இலக்கணத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த நிலம் அதுவே. கிழமை இரு வகை என்று நம் இலக்கண நூலார் பகுத்தனர். கையும் காலும்போல் பிரிக்க இயலாதது தற்கிழமை. ஆடையும் வீடும்போல் வேறானது பிறிதின்கிழமை. மகன் எதில் அடங்குவான்? இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. 'அது' உருபு அஃறிணைப் பொருளுக்கே உரியது. 'எனது மகன்' என்பதைப் பழைய இலக்கணம் ஏற்காது. விரிக்க வேண்டுமாயின் 'எனக்கு மகன்' என்று நான்காம் உருபு வர வேண்டும். உயர்திணையை உடைமை உருபால் கட்டக்கூடாது என்று நம் முன்னோர் மொழிக்குள்ளேயே வேலி போட்டனர் என்று நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கியதை உலகம் கண்டிருக்கிறது. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இம்மண்ணுக்கு வந்த முறை 1910இல்தான் முடிந்தது. அவர்களை ஏட்டில் எழுதியவர்கள் எந்த உருபைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

விலங்கு அவ்வேலிக்கு வெளியே நிற்கிறது. கல்லும் பசுவும் ஒரே அஃறிணை. ஆனால் அதே தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் படிகளில் ஏற்றி நிறுத்தும்போது, விலங்கை மனிதனுக்கு ஒரு படி மட்டுமே கீழே, ஐயறிவில் வைக்கிறார். இரண்டில் எதை நாம் பின்பற்றுகிறோம்?

பேச்சு வழக்கோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வழி ஒன்றைக் காட்டுகிறது. 'என்னிடம் ஒரு பேனா இருக்கிறது' என்கிறோம். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்கிறோம். மாட்டைப் பற்றி என் தந்தையார் இரண்டு வகையிலும் சொல்லிக் கேட்டதில்லை. யாராவது கேட்டால், "வீட்டில் மூன்று மாடு நிற்கிறது" என்பார். நிற்கிறது, அவ்வளவுதான். செவலை போன மாதத்திலும் அப்படியே, "ரெண்டு நிற்கிறது" என்றார். குரல் மட்டும் சற்றுக் கம்மியது.

அந்த வாரம் மாணவர்க்கு 'எனக்குப் பிடித்த விலங்கு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். பின்வரிசை மாணவனின் ஏட்டில் முதல் இரண்டு வாக்கியங்கள் இவை: "எனக்கு ஓர் ஒட்டகசிவிங்கி இருக்கிறது. அது கோலாலம்பூரில் நிற்கிறது." சிவப்பு மையை எடுத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தேன். பிறகு விட்டுப்போயிருந்த 'ச்' ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு, அடுத்த ஏட்டை எடுத்தேன்.